ஃபிறவ் மெர்ட்டன்ஸ் கேட்ட கேள்வி

சிவநேசத்துக்கு ஜெர்மன் மொழியில் வெண்ணெய்க்கு என்ன பெயர் என்று தெரியுமுன்னமே பிணத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் ஹெட்விக் மெர்ட்டன்ஸ் என்கிற மனுசி. தொண்ணூறாம் ஆண்டு ஏழு வயது மகள் நிரோஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெர்மனியில் போய் இறங்கியவள் சிவநேசம். அகதி முகாமுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுவது. அங்கே கிழவிகளின் தலைமாட்டிலெல்லாம் மெர்ட்டன்ஸ் எழுதிய துப்பறியும் கதைகள் கிடந்தன. ரயில் நிலையக் கடையில் வாங்கி, வாசித்து முடித்ததும் இருக்கையிலேயே விட்டுப் போகிற மலிவுப் பதிப்புகள். சிவநேசம் அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கொலை, சாட்சி, கத்தி, சந்தேகம் என்று அந்த வழியால்தான் அவளுக்குப் பாஷை வந்தது. கடையில் உப்புக் கேட்கத் தடுமாறியவள் பிரேத பரிசோதனை என்ற சொல்லைப் பிழையில்லாமல் சொன்னாள்.

அந்த மெர்ட்டன்ஸ் ஜெர்மனியில் இல்லை, மொன்றியலில் இருக்கிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. இருவரும் சந்திக்கப் பதினைந்து வருடம் போல ஆயிற்று. அதற்குள் சிவநேசம் தம்பி விமலநாதனின் ஒத்தாசையால் கனடாவுக்கு வந்து, கோட்-டி-நெய்ஜில் ஓர் அப்பார்ட்மெண்ட் எடுத்து, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். ஜெர்மன் தெரிந்த பெண் வேண்டும் என்று இல்-பிசாரிலிருந்து ஒரு கிழவி கேட்டிருந்தாள். மெட்ரோ பிடித்து, ஒரு பஸ் மாறி, எப்போதாவது வருகிற அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் நின்று அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் புத்தக அலுமாரியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கதையில் மருந்துக்கடைக்காரன்தானே கொன்றவன்?" என்று ஜெர்மனில் கேட்டாள். சக்கர நாற்காலியில் இருந்த கிழவி சிரித்து, இருமி, அந்த நிமிடமே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

ஃபிறவ் மெர்ட்டன்ஸ், அதாவது திருமதி மெர்ட்டன்ஸ், வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவள். அறுபதுகளின் தொடக்கத்தில் கப்பல் எஞ்சின் திருத்துகிற கணவனோடு மொன்றியலுக்கு வந்தாள். கணவன் காலையில் போனால் இரவில்தான் வருவான். பிள்ளை இல்லை. பிரெஞ்சு வாயில் நுழையவில்லை. பனி கொட்டிய ஒரு மாரியில் சமையல் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள். எழுதியது ஜெர்மனில், விற்றது ஜெர்மனியில், கொலைகள் நடந்தது மட்டும் மொன்றியலில். ஓய்வுபெற்ற தபால்காரி ஒருத்திதான் அவள் கதைகளில் துப்பறிகிறவள். இருபதுக்கு மேற்பட்ட புத்தகம் எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவள் வெறும் 'மதாம்', புல் வெட்டப் பையன் தேடுகிற மதாம், அவ்வளவுதான். கணவன் செத்தான், கண் மங்கியது, கால் விழுந்தது. இப்போது கடைசிப் புத்தகத்தை வாயால் சொல்லச் சொல்ல சிவநேசம் எழுதினாள். ஜெர்மனியில் இருக்கிற, கணவனின் தங்கை மகள் ஒருத்தி அதை வாங்கித் தட்டச்சுச் செய்வதாக ஏற்பாடு.

"உங்கள் கதைகளில் ஏன் எப்போதும் முதல் பக்கங்களிலேயே உடல் கிடைத்துவிடுகிறது?" என்று சிவநேசம் ஒருநாள் கேட்டாள்.

"என் அப்பா ரஷ்யாவில் காணாமல் போனவர்" என்றாள் மெர்ட்டன்ஸ். "அம்மா சாகும்வரை தெரியவில்லை. உடல் கிடைக்காத கதை எனக்கு ஒன்று போதும்."

சிவநேசம் பேனையை வைத்துவிட்டு, "என் கணவரும் காணாமல் போனவர்தான்" என்றாள்.

அருமைராசா சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்தவர். மனைவியையும் மகளையும் முதலில் அனுப்பிவிட்டு, அடுத்த ஆட்களோடு ஏற வேண்டும் என்று கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் அறையில் காத்திருந்தார். ஒரு கிழமை தொலைபேசி வந்தது, அடுத்த கிழமை வரவில்லை. அவ்வளவுதான். காணவில்லை என்று சொன்னார்கள். எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள், பிறகு விசாரிக்கிறோம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் சிவநேசம் சுமங்கலி. ஒவ்வொரு காலையும் குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வைத்தாள். தாலியைக் கழற்றவில்லை.

அந்தப் பொட்டோடு அவள் மொன்றியலில் போகாத கலியாணம் இல்லை. போனால் சமையல் பக்கம்தான் நிற்பாள். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு உப்புப் பார்க்க வேண்டுமா, பாயசம் இறுகிவிட்டதா, சிவநேசத்தைக் கூப்பிடு. தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவள் கையில் அகப்பை இருக்கும். விமலநாதனின் மனைவி லோஜினி வந்து தோளில் கை வைத்து, "மச்சாள், நீங்கள் சாப்பாட்டுப் பக்கம் நிண்டால்தான் எங்களுக்கு நிம்மதி" என்பாள். சிவநேசத்துக்கு அதில் பெருமைதான்.

இந்த முறை கதை வேறு. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் நிரோஜாவுக்கே கலியாணம். மாப்பிள்ளை வசீகரன் லொங்குய்யில் வேலை செய்கிற நல்ல பொடியன். தகப்பன் இல்லாததால் விமலநாதனும் லோஜினியும் தாரைவார்த்துக் கொடுப்பதாகப் பேச்சு. அதில் சிவநேசத்துக்கு மனக்குறை இல்லை. அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. தாலி ஏறிய பிறகு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆலாத்தி எடுப்பார்களே, அந்த விளக்குத் தட்டை அவள் பிடிக்க வேண்டும். அருமைராசாவின் மனைவியாக நின்று, அவருடைய மகளுக்கு. வேறொன்றும் அவள் கேட்கவில்லை. கேட்கும்போதெல்லாம் லோஜினி, "அதுக்கென்ன மச்சாள், பாப்பம்" என்று வேறு கதைக்குப் போய்விடுவாள்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் மெர்ட்டன்ஸ் தன் கதைக்குள் ஒரு தமிழ்க் கலியாணத்தைக் கொண்டுவர நினைத்தாள். கலியாணச் சமையல்காரி ஒருத்தி அதில் சாட்சி. விவரம் வேண்டும் என்று சிவநேசத்தைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அந்த விளக்குத் தட்டை யார் பிடிப்பார்கள், ஃபிறவ் நேசம்?"

"புருசன் உயிரோடு இருக்கிற பெண்கள். இரண்டு பேர். வாழைப்பழத் துண்டில் திரி குத்திக் கொளுத்தி, மூன்று முறை சுற்றி, நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும்."

"யாரும் பிடிக்கலாமா?"

"சொந்தத்துக்குள், வயதில் மூத்தவர்கள் என்றால் நல்லது."

"நீங்கள் மூத்தவர். எல்லாருக்கும் சொந்தம். இதுவரை எத்தனை தரம் பிடித்திருக்கிறீர்கள்?"

சிவநேசம் சிரித்தாள். "என்னைச் சமையல் பக்கம் விட்டுவிடுவார்கள். என் கைப்பக்குவம் அப்படி." சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மெர்ட்டன்ஸுக்குக் கண்தான் மங்கல், காது மங்கல் இல்லை. அவள், "காப்பி போடுங்கள், இன்றைக்குப் போதும்" என்றாள்.

சிவநேசம் எழும்பவில்லை. "தொடங்கினதை முடியுங்கள்" என்றாள்.

"வேண்டாம். நான் கிழவி. எங்கே பார்த்தாலும் பிணம் தெரிகிற வேலை என்னுடையது."

"முடியுங்கள்."

மெர்ட்டன்ஸ் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, கதை சொல்லும்போது பேசுகிற அதே நிதானத்தில் சொன்னாள். "அப்பா காணாமல் போனபோது எங்கள் தெருவில் எல்லாரும் அம்மாவைக் கேட்பார்கள், ஏதும் செய்தி வந்ததா என்று. பாண்கடைக்காரி கேட்பாள், பாதிரியார் கேட்பார். அம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே வெறுப்பு. உங்களை யாராவது கேட்கிறார்களா?"

கடைசியாக யார் கேட்டது என்று சிவநேசம் யோசித்தாள். ஜெர்மனியில் ஒரு துருக்கிக்காரி கேட்டாள். தமிழ் ஆட்களில் ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

"உங்கள் ஆட்கள் உங்களிடம் பொய் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்றாள் மெர்ட்டன்ஸ். "ஆனால் உங்கள் தெய்வத்துக்கு முன்னால் அந்தப் பொய்யைச் செய்ய அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் அந்தத் தட்டு உங்கள் கைக்கு வரவில்லை."

கிழட்டுச் சனியன், உனக்கு வேறு வேலை இல்லையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு சிவநேசம் கைப்பையை எடுத்தாள். காப்பியும் போடவில்லை, போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒவ்வொரு கலியாணமாக ஞாபகம் வந்தது. மெட்ரோவுக்குள்ளும் வந்தது. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் ஆள் குறைகிறது என்று அவளே தட்டைத் தொடப் போனபோது, லோஜினி அவசரமாக வந்து கையைப் பிடித்து, சோறு அடிப்பிடிக்கிறது என்று சொன்னாள். போய்ப் பார்த்தால் சோறு வடித்து மூடி வைத்திருந்தது. அப்போது சிவநேசம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நம்முடைய சனம் நல்ல சனம். ஒருவருக்கு நல்லது செய்வது என்று பத்துப் பேர் சேர்ந்து தீர்மானித்துவிட்டால், அகப்பட்டவர் பாடு அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை அவள் புரோசார்ட்டுக்குப் போனாள். விமலநாதன் வீட்டில் கலியாணப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்டுகளின் சிரிப்புச் சத்தம். விமலநாதன் வாசலில் நின்று, ஹோஸ் பிடித்து வான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். சிவநேசம் உள்ளே போகவில்லை.

"விமலன், அத்தான் உயிரோட இருக்கிறாரோ?"

அவன் தண்ணீரை நிறுத்தாமல் வானின் சில்லையே பார்த்தான். "ஏனக்கா இப்ப? கலியாணம் முடியட்டும். பேந்து ஆறுதலா இருந்து கதைப்பம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். சிவநேசம் போய்க் குழாயைத் திருகி மூடினாள். "இப்ப சொல்லு" என்றாள்.

"தொண்ணூறாம் ஆண்டே, அக்கா. காணேல்லை எண்டு சொல்லிக் கொஞ்ச நாளில உடல் கடற்கரையில கிடந்தது. அத்தான்ர தமையன்தான் போய்ப் பாத்து அடையாளம் சொன்னவர். ஆர் செய்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. அங்கயே எரிச்சவை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் அங்க முகாமில தனிய. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு அழுதுகொண்டு போன் எடுக்கிறீங்கள். ஏதும் செய்துபோடுவீங்கள் எண்டு பயம். உங்களுக்கு விசா கிடைக்கட்டும் எண்டு விட்டம். பேந்து நிரோஜா பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு வந்துது. பேந்து கனடா வாற அலுவல். பேந்து எங்கட கடைசித் தங்கச்சியின்ர கலியாணம். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியம் வந்து நிண்டுது, அக்கா."

"ஊருக்கெல்லாம் தெரியுமோ?"

அவன் தலையை ஆட்டினான்.

"நிரோஜாவுக்கு?"

"யூனிவேர்சிட்டியில சேர்ந்த வருசம் கேட்டவள். சொல்லிப்போட்டம். அம்மா தாங்கமாட்டா, சொல்லாதேங்கோ எண்டு அவள்தான் எங்களிட்டச் சத்தியம் வாங்கினவள்."

சிவநேசம் வாசற்படியில் இருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பதினாறு வருடமாக அவர் வருவார் என்று அவள் காத்திருக்கவுமில்லை, வரமாட்டார் என்று விடவுமில்லை. அதனால் அந்தச் செய்தி எங்கே போய் விழுவது என்று தெரியாமல் நின்றது. வேறொன்றுதான் அவளைச் சுட்டது.

"திவசம் ஆர் குடுக்கிறது?" என்று கேட்டாள்.

விமலநாதன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான்.

"உன்னைத்தான் கேக்கிறன்."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் தமையன் செய்தவர். தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வோட அவரும் செத்துப்போயிட்டார். அதுக்குப் பிறகு..." அவன் ஹோஸைச் சுருட்டத் தொடங்கினான். "இஞ்ச குடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும் எண்டுதான். திதியும் எனக்கு இப்ப ஞாபகமில்லை."

"ஒருத்தரும் குடுக்கேல்லை."

"அக்கா..."

"ஊராற்ற கலியாணத்துக்கெல்லாம் அண்டாக் கணக்கில சமைச்சுப் போட்டனான். அந்த மனுசனுக்கு ஒரு பிடி சோறு வைக்கேல்லை. அந்தாள் பசிக்காமல் இருந்தவரெண்டு நினைச்சியளோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் விமலநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் வானில் சாய்ந்து நின்று அழுதான். தங்கள் அன்பை நினைத்தே அழுதான் போலும், மனிதர்கள் அப்படித்தான். உள்ளேயிருந்து லோஜினி, பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க மச்சாள் வந்துவிட்டாவா என்று குரல் கொடுத்தாள். சிவநேசம் எழும்பினாள்.

"எனக்குத் தெரியும் எண்டு நிரோஜாவுக்குச் சொல்லாதை" என்றாள். "கலியாணம் முடியட்டும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாகு பார்த்தாள்.

திங்கட்கிழமை இல்-பிசாருக்குப் போனாள். சிவநேசம் ஜன்னலைத் திறந்து, மருந்து கொடுத்து, தலை சீவிவிட்டு, பிறகு சொன்னாள். "நீங்கள் சொன்னது சரி. உடல் அப்போதே கிடைத்திருக்கிறது."

"சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை" என்றாள் கிழவி. அவள் கை காற்றில் தேடியது, சிவநேசம் பிடித்துக்கொண்டாள். "சொல்லாமல் விட்டிருக்கலாம். காப்பி போடுங்கள் என்று சொன்னேனே."

"நான் எழும்பவில்லையே."

"அந்தச் சமையல்காரியைக் கதையிலிருந்து வெட்டிவிடுங்கள். அது விற்பதற்கில்லை."

சிவநேசம் அந்தப் பக்கங்களைக் கிழித்தாள். சமையல்காரி போனதும் கதையில் சாட்சி இல்லாமல் போயிற்று. கொன்றவனைப் பிடிக்க வழியில்லை. மெர்ட்டன்ஸ் வேறு சாட்சி யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்றாள், ஒன்றும் சரிவரவில்லை. இருபது புத்தகத்தில் ஒரு கொலைகாரனையும் தப்பவிடாதவள், கடைசியில் இவனை விட்டுவிட்டாள். அடுத்த மாரியில் அவள் இறந்தபோது அந்தக் கதை பாதியில் கிடந்தது.

கலியாணத்தன்று சிவநேசம் பொட்டு வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, விரலில் குங்குமத்தோடு நெடுநேரம் யோசித்துவிட்டுத்தான் வைத்தாள். வைக்காமல் போனால் மண்டபமே அதைப் பற்றித்தான் பேசும், பிள்ளையின் நாள் கெட்டுப்போகும். ஆனால் ஆலாத்தி ஆசையை விட்டுவிட்டாள். தெரியாதபோது பிடித்திருந்தால் ஒரு குற்றமுமில்லை. தெரிந்துகொண்டு பிடித்து, பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஜெர்மனியும் கனடாவும் அவளிடமிருந்து அந்தப் பயத்தை எடுக்கவில்லை. "நீயே எடு லோஜினி, எனக்கு ஏலாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். லோஜினியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

தாலி ஏறியது. மேளம் அடங்கியது. ஆலாத்திக்கு ஆட்கள் வாங்கோ என்று குருக்கள் கூப்பிட்டார். லோஜினியும் மாப்பிள்ளையின் பெரியம்மாவும் தட்டைத் தொடப் போனார்கள்.

"அம்மா எடுக்கட்டும்" என்றாள் நிரோஜா.

மணவறையில் இருக்கிற பெண் அப்படிச் சத்தமாகப் பேசுவதில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். ஒருவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், ஒருவர் செருப்பைத் தேடினார். எல்லாருக்கும் தெரியும் என்று தம்பி சொன்னபோது அது ஒரு வார்த்தை. இப்போது மண்டபம் நிறையத் தலை கவிழ்ந்து கிடந்தது. சிவநேசத்துக்கு அதைப் பார்த்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் அவளை நடத்திக்கொண்டு போய் மணவறையில் விட்டது. பெரியம்மா தட்டை விட்டு விலகினாள். சிவநேசம் பிடித்தாள். எதிர்ப்பக்கம் லோஜினி தட்டை விடாமல் பிடித்திருந்தாள். மூன்று முறை சுற்றினார்கள்.

பிறகு பொட்டு வைக்க வேண்டும். சிவநேசம் மகளின் நெற்றிக்குக் குனிந்தாள்.

"மாமா சொன்னவர், உங்களுக்குத் தெரியுமாம்" என்றாள் நிரோஜா, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அம்மா, அப்பாவுக்கு இந்த வருசம் திவசம் குடுப்பம்."

"இப்ப கதைக்கிற கதையோ பிள்ளை? பேந்து..."

"பேந்து இல்லை. இப்ப சொல்லுங்கோ."

சிவநேசத்தின் விரல் நெற்றியிலேயே நின்றது. "திதி ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"எனக்குத் தெரியும். மாமாவிட்ட அப்பவே திகதியைக் கேட்டுக் கோயில் ஐயரிட்டப் போய்ப் பாத்தனான். ஒவ்வொரு வருசமும் அண்டைக்கு வயித்துக்குச் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடாமல் படுக்கிறனான். நீங்கள் சோறு கொண்டு வந்து ஊட்டப் பாப்பீங்கள்."

சிவநேசம் மகளுக்குப் பொட்டை வைத்து முடித்தாள். மாப்பிள்ளைக்கும் வைத்தாள். பிறகு, அழக்கூடாத இடத்தில், அத்தனை சனமும் பார்த்திருக்க, அவருக்காக அழுதாள்.